சந்தனம் தொட்ட விரல்

முப்பது ஆண்டுகளாகத் திருக்கோயிலில் சந்தனம் அரைத்ததில் ஏகாம்பரத்தின் விரல் ரேகைகள் தேய்ந்துபோயிருந்தன. புதிய வருகைப்பதிவு இயந்திரம் அவரை ஏற்கவேயில்லை.

“இயந்திரம் பொய் சொல்லாது. ஒரு வாரமாக நீர் வேலைக்கு வரவில்லை. இன்றும் பதியாவிட்டால் உமக்கு இங்கே வேலை இல்லை” என்றார் நிர்வாக அதிகாரி சபேசன்.

“உத்தரவு ஐயா. முதலில் சுவாமி சந்தனம் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு இயந்திரத்தில் விரலை எப்படி அழுத்துவதென்று தாங்களே காட்டியருள வேண்டும்.”

அதிகாரி சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். “இப்படித்தான்!” என்று அதே விரலை அழுத்தினார். “ஆள் தெரியவில்லை” என்றது இயந்திரம். மறுமுறையும் அதையே சொன்னது.

ஏகாம்பரம் கைகூப்பினார். “இயந்திரம் பொய் சொல்லாது அல்லவா, ஐயா! தாங்களும் இன்று வரவில்லை போலும். வராதவர் என்னை வேலையைவிட்டு நீக்குவது எங்ஙனம்?”

பிரசாதத்துக்கு நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றே இயந்திரத்தின் அருகில் பழைய வருகைப் பதிவேடும் வந்து அமர்ந்தது. அதில் முதற்கையெழுத்து அதிகாரியுடையது.