குறைஞ்சுபோன அரைப்படி உளுந்து

வானம் பாத்து வெதைக்கிற ஒரு ஊர்ல, தன் நிழலையே திரும்பித் திரும்பிப் பாக்குற ஒரு ஆளு இருந்தான். பேரு ஒச்சப்பன். ம் கொட்டு, அப்பத்தான் கதை நடக்கும்.

போன வருசம் அவன் வெதச்ச உளுந்துல பாதி முளைக்கவே இல்ல. இப்போ வீட்டுல மிச்சம் ஒரே ஒரு படி வெத. அதுவும் பொய்ச்சா வருசம் பூரா பட்டினிதான். அப்போ அவன் பொஞ்சாதி விருமாயியோட அண்ணன் காசிமாயன் தோள்ல ஒரு பையோட வந்தான்.

"மாப்ள, புங்க இலையை இடிச்சுச் சாறெடுத்து, தண்ணியில கலந்து வெதய ஊறப்போடு. அப்புறம் நிழல்ல பழையபடி காயவச்சு வெதச்சா, எல்லாம் முளைக்கும்."

"எல்லாமா? உனக்கு இதுல என்ன மச்சான் லாபம்?"

"என் தங்கச்சி கஞ்சி குடிப்பா."

சரின்னு ஊறப்போட்டாங்க. சாயங்காலம் வடிகட்டி, ஒச்சப்பன் படிய எடுத்து அளந்தான். சளக்... சளக்... ஒன்றரைப் படி. அவனுக்கு வாயெல்லாம் பல்லு. அப்புறம் கொட்டகை நிழல்ல சாக்கு விரிச்சுப் பரப்பினாங்க.

மறுநா பூரா காத்து வீசுச்சு, விசுவிசுன்னு. பொழுது சாய மறுபடி அளந்தான். சலசலசல... ஒரே படி.

"ஐயோ, அரைப்படியக் காணோமே!"

முதல்ல கோழியப் பிடிச்சு இரைப்பைய அமுக்கிப் பாத்தான். கொக்கொக்கொக்... ஒண்ணும் இல்ல. அப்புறம் அடுப்படியில சட்டி சட்டியா மோந்தான். "என்ன தேடுறீக?"ன்னா விருமாயி. "உளுந்தங்களி வாசம் வருதே."

"அது உங்க மூக்குல இருந்து வருது."

கடைசியில மச்சான் பைய எடுத்துத் தலகீழா உதறினான். பொத்துன்னு விழுந்துச்சு ஒரு துண்டு, ஒரு வேப்பங்குச்சி. வேற ஒண்ணும் இல்ல.

வாசல்ல நின்னு காசிமாயன் எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தான். தூங்கிட்டியா? ம்?

"மாப்ள, ஊறப்போடுறதுக்கு முந்தி எத்தன படி?"

"ஒண்ணு."

"காஞ்ச பிறகு?"

"ஒ... ஒண்ணு."

"உளுந்து குடிச்ச தண்ணியக் காத்து வாங்கிட்டுப் போயிருச்சு. அதுக்கு என் பைய உதறிட்டியே."

துண்டை எடுத்து உதறித் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தான். விருமாயி கூப்பிட்டும் திரும்பல.

மழை விழுந்ததும் அந்த ஒரு படியத்தான் வெதச்சாங்க. ஒச்சப்பன் விடிய விடிய வரப்புல குந்தி மண்ணையே முறைச்சான். அப்போ ஒரு காலையில... புளுக், புளுக், புளுக். கண்ணுக்கு எட்டுன மட்டும் பச்சை, உழவு சால்ல ஒரு இடம் காலியில்ல. அவன் மச்சான் ஊர் இருக்குற திக்கப் பாத்துக் கும்பிட்டான்.

அறுவடை முடிஞ்சதும் ஒச்சப்பன் ஒரு பையோட மச்சான் ஊருக்குப் போனான். கதவத் திறந்த காசிமாயன் வழிய மறிச்சுக்கிட்டான்.

"முதல்ல பையக் காட்டு மாப்ள."

ஒச்சப்பன் தலையக் குனிஞ்சுக்கிட்டே நீட்டினான். காசிமாயன் கவுத்தான். சலசலசலன்னு முறம் நிறையக் கறுப்பு உளுந்து. படிய எடுத்து அளந்தான். ஒண்ணு. அப்புறம் ஒரு அரை.

"அரைப்படி கூட இருக்கே?"

"அது அன்னிக்கி உன் பையில தேடுனது மச்சான்."

காசிமாயன் சிரிச்சுட்டு நகர்ந்து வழிவிட்டான்.

உளுந்து அளந்தாச்சு, கதையும் அளந்தாச்சு. இனி நீ கண்ண மூடு.