மன்னிப்புக் கேட்ட எருமை

கோமதிநாயகத்தின் எருமை இரண்டாம் தடவையும் சூளைக்குள் வெடித்துவிட்டது. கதவைத் திறந்தால் ஒரு கொம்பும் அரை வாலும்தான் மிச்சம்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனால் அந்தச் சுடுமண் பட்டறையில் அவள்தான் குரு. அவள் கை பட்டால் மண் நாய் ஏங்கும், மண் பூனை கர்வப்படும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன் அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்திருந்தார்.

"டீச்சர், மிருகத்தோட முகத்துல மனுஷன் வருத்தத்தைக் கொண்டு வாரது எப்படி?"

"யாரு வருத்தம், அண்ணாச்சி?"

கோமதிநாயகம் நெளிந்தார். பிறகு கொட்டிவிட்டார்.

மச்சினன் வீட்டுக் காதுகுத்து. பந்தி நிறைய ஆட்கள். மனைவி செண்பகவல்லி ஆசையாக வைத்த ரசத்தை, "இதென்ன கழனித்தண்ணியா?" என்று கேட்டுத் தொலைத்தார். பந்தியே சிரித்தது. அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். சோறு வருகிறது, குழம்பு வருகிறது, சொல் மட்டும் வருவதில்லை. வீட்டில் இப்போது பாத்திரங்கள்தான் பேசுகின்றன. பாவம், மனுஷன் தவித்துப்போனார்.

"அப்படியொரு எருமையைக் கொண்டு அவ முன்னால வச்சா, என் மனசு அவளுக்கே வெளங்கிரும்லா?"

"அதுக்கு எருமையா?"

"கழனித்தண்ணி ருசி வேற யாருக்குத் தெரியும்?"

வடிவம்மை விழுந்து விழுந்து சிரித்தாள்.

நாலு நாளில் மூன்றாவது எருமை மேசையில் ஈரமாக நின்றது. அதன் கன்னமெல்லாம் மண்ணால் கண்ணீர்ச் சொட்டு ஒட்டியிருந்தார் கோமதிநாயகம்.

"சளி பிடிச்ச மாதிரில்லா இருக்கு" என்றபடி அவள் அதன் அடிவயிற்றைத் தடவினாள். "ஓட்டை எங்க? உள்ள கூடா இருந்தா காத்து வெளிய போக வழி வேணும்னு மொத நாளே சொன்னேன்லா?"

"சொன்னீங்க. பார்க்க அசிங்கமா இருந்துச்சு. அடைச்சுட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையும்."

அவள் கண்ணீர்ச் சொட்டுகளை வழித்தெடுத்தாள். ஒரு மூங்கில் குச்சியை எருமையின் உதடுகளுக்கு நடுவே, உள்கூடு வரைக்கும் செருகி மெல்லத் திருப்பினாள். வாய் லேசாகத் திறந்தது.

அடடா! என்னவோ சொல்ல வந்து, சொல்ல வெட்கப்பட்டு நிற்கிறது எருமை. கோமதிநாயகம் தன்னையே பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு சூளையில் வைத்தார்கள். இந்தத் தடவை சத்தமே இல்லை. எருமை முழுசாக வெளியே வந்தது. அவர் அதைத் துண்டில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சர், இதை அடுப்படியில வச்சிட்டு நான் சத்தமில்லாம வாசப்பக்கம் போயிரட்டா? மிச்சத்தை இது பார்த்துக்கிடும்லா?"

வடிவம்மை துண்டை விலக்கி எருமையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எருமையே வாயைத் தொறந்துட்டு, அண்ணாச்சி. நீங்க எப்போ?"