பெயிண்டுக்கு மேல் எர்த்

இருட்டி அரைமணி ஆகியிருக்கும். ஷெட்டில் நின்ற ஜீப்பின் பானெட்டுக்குள்ளிருந்து, குளிரில் யாருக்கோ பல் தந்தியடிப்பதுபோல் ஒரு சத்தம் கிளம்பியது.

ஜெசிந்தா சுவிட்சிலிருந்து கையை வெடுக்கென்று எடுத்தாள். பம்பரில் அவளே மாட்டிய நான்கு விளக்குகளும் சிமிட்டிச் சிமிட்டித் தவித்தன.

“பாம்பா மாஸ்டர்?”

“எந்தப் பாம்புக்கு அக்கா இப்படிக் குளிரும்? முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க.”

மாஸ்டர் என்பது ரஹிமா. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருப்பவள். வயது இருபத்தாறு. சிஷ்யை ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. ரஹிமா திட்டும்போதும் அக்கா போட்டுத்தான் திட்டுவாள்.

ஜீப் ஜெசிந்தாவின் கணவர் விட்டுப்போனது. அவர் இறந்து ஒரு வருஷமாகக் கொழுந்தன் சவரிதான் அதை ஓட்டுகிறான். சம்பாத்தியமும் அவனோடு போயிற்று. இப்போது மேல் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு விடியற்காலையில் நர்ஸுகளைக் கொண்டுபோய் விடும் வேலை ஜெசிந்தாவுக்குக் கிடைத்திருக்கிறது. நாளைக்கு முதல் நாள். பனிக்குள் வளைவு தெரிய இந்த விளக்குகள் எரிந்தாக வேண்டும். எரிந்தாலும் எரியாவிட்டாலும் இன்று எட்டு மணிக்கு வண்டியை எடுக்க வருவதாகச் சவரி சொல்லியிருந்தான்.

உள்ளறைத் தொட்டிலில் குழந்தை புரண்டது. ஜெசிந்தா எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மாஸ்டர், இந்தப் பயம் எப்போ போகும்?”

ரஹிமா டார்ச்சைப் பானெட்டுக்குள் அடித்தாள். தீப்பெட்டி அளவில் கறுப்பாக இருந்த, விளக்குகளுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயைத் தொட்டுப் பார்த்தாள்.

“சத்தம் போட்டது இதுதான். ஒட்டப் பார்க்குது, கரண்ட் நிக்கல, விட்டுடுது. திரும்ப ஒட்டப் பார்க்குது. எர்த் வயரை எங்கே முறுக்கினீங்க?”

“இதோ, மட்கார்டு போல்ட்டுல.”

“பெயிண்டு மேலயா? அதுல கரண்ட் எப்படிப் போகும்?”

ஜெசிந்தா தலை குனிந்தாள். “புதுப் பெயிண்ட். சவரி அடிச்சது. ஒரு கீறல் விழுந்தாலும் தொலைச்சிடுவேன்னு சொன்னான்.”

“ஆர்.சி. புக் யார் பேர்ல இருக்கு?”

“என் பேர்ல.”

“அவன் பெயிண்ட் அடிச்சதும் பேரு மாறிடுச்சா?”

ரஹிமா உப்புத்தாளை ஜெசிந்தாவின் கையில் திணித்தாள்.

“தேய்ங்க.”

“எவ்வளவு?”

“இரும்பு தெரியற வரைக்கும்.”

முதல் தேய்ப்பு தடவுவதுபோல் இருந்தது.

“மட்கார்டுக்கு என்ன பவுடரா போடுறீங்க?”

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. அழுத்தினாள். பச்சை உதிர்ந்தது. அதன் கீழே சிவப்பு வந்தது. அதுவும் போனது. கடைசியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரும்பு வெள்ளையாகப் பளிச்சிட்டது. வயரை வைத்து முறுக்கினாள். சுவிட்சைப் போட்டாள்.

ஒரே ஒரு ‘டிக்’. நான்கு விளக்குகளும் எரிந்தன. ஷெட் சுவரில் ஒட்டியிருந்த பழைய காலண்டரில் தேதி வரை தெரிந்தது.

அப்போது வெளியே பைக் வந்து நின்றது.

“அண்ணி! சாவியை எடுத்துட்டு வாங்க.”

ஜெசிந்தா ரஹிமாவைப் பார்த்தாள். ரஹிமா ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு வண்டி எனக்கு வேணும் தம்பி.”

வெளியே சிரிப்பு. “யாரு ஓட்டுவா? தொட்டில்ல கிடக்கிறவளா?”

“நான்.”

சிரிப்பு நின்றது.

“கதவைத் திறங்க. நேர்ல பேசிக்கலாம்.”

ஷெட் கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. சவரி நினைத்த நேரத்தில் வந்து வண்டி எடுப்பான் என்று ஒரு வருஷமாக அந்தத் தாழ்ப்பாளை யாரும் தொட்டதில்லை. ஜல்லிக்கல்லில் செருப்புச் சத்தம் நெருங்கியது.

ஜெசிந்தா கதவருகே போய்விட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“மாஸ்டர், பயம் போகலையே. கை இப்பவும் நடுங்குதே.”

“நடுங்கட்டும் அக்கா. நடுங்குற கை போட்டாலும் தாழ்ப்பாள் தாழ்ப்பாள்தான்.”

ஜெசிந்தா இரண்டு கையாலும் தள்ளினாள். துருவை உரசிக்கொண்டு இரும்பு உள்ளே போய் விழுந்தது.