பெயர் எழுதாத வரி

"என் பெட்டிக்குள்ள அடுத்தவங்க நிறமெல்லாம் வந்து விழுது மேடம். என்ன பண்றது?" என்று கேட்டார் குலசேகரன்.

குலசேகரனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சிவகாசியில் காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் வடிவமைத்தே தலை நரைத்தவர். போன வருஷம்தான் மதுரைக்கு வந்து இணையப் பக்கங்களுக்கு வடிவம் கொடுக்கும் வேலையில் சேர்ந்தார். அந்த வேலையை அவருக்குச் சொல்லிக்கொடுத்த நஸ்ரினுக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவளிடம் கேள்வி கேட்டால் பதில் கிடைக்கிறதோ இல்லையோ, வேலை கிடைக்கும் என்பார்கள் ஆபீஸில்.

அப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு மருத்துவமனையின் போர்ட்டல், நோயாளியின் வீட்டார் போனில் பார்க்கிற இணையப் பக்கம். ஒரே பக்கத்தில் பல பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு குழு செய்தது. மருந்து விவரம் காட்டும் பெட்டி குலசேகரனுடையது. அதற்குக் கீழே இருந்தது தீவிர சிகிச்சைப் பிரிவின் பெட்டி. நோயாளியைப் பார்க்க வரலாம் என்றால் அதில் சிவப்புப் பட்டையில் ஒரு வரி வரும். வெளியே காத்திருப்பவர்கள் போனில் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். பக்கம் வந்ததும் நர்ஸ் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவதாக ஏற்பாடு.

நஸ்ரின் எழுந்து வந்தாள். அவர் மேஜையில் இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். அடியில் அவர் பெயர் வெட்டியிருந்தது.

"இது எதுக்கு சார்?"

"எல்லார் டப்பாவும் ஒண்ணு போலத்தானே இருக்கு. மாறிடக் கூடாதுல்ல."

"நிறத்துக்கும் அளவுக்கும் நீங்க கம்ப்யூட்டர்ல எழுதுற ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி உங்க பெட்டியோட பேரை எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

குலசேகரன் எழுதினார். ஒழுங்காகத்தான் எழுதினார். ஆனால் கொஞ்ச நாளில் அலுத்துப்போனது. ஆனா ஆவன்னா படிக்கிற பிள்ளையா நான் என்று உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தாள் முழுவதும் தன்னுடையது என்றே வாழ்ந்த மனுஷர்.

மருந்து எதுவும் பதிவாகாத நேரங்களில் அவர் பெட்டியிலும் ஒரு சிவப்புப் பட்டை வந்து நின்றது. போர்ட்டல் தானாகப் போடுவது. அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இளம்பச்சைக்கு நடுவே அது அசிங்கமாக இருந்தது. சிவப்புப் பட்டையைக் காட்டாதே என்று ஒரு வரி எழுதினார். அந்த வரிக்கு முன்னால் பெயர் எழுதவில்லை.

அவருடைய கம்ப்யூட்டரில் அவர் பெட்டி மட்டும்தான் திறந்திருந்தது. பட்டை போய்விட்டது. பெட்டி பளிச்சென்று இருந்தது. அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வாரமே பக்கம் மக்கள் கைக்குப் போனது.

ஒருநாள் காலை நஸ்ரின் வந்து, "ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வரலாம் சார்" என்றாள். ஆட்டோவில்தான் விஷயத்தைச் சொன்னாள்.

லூர்து என்றொரு பெண் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். முந்தாநாள் நினைவு தெளிந்ததும் புருஷனைப் பார்க்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். நர்ஸ் போர்ட்டலில் செய்தி போட்டாள். யாரும் வரவில்லை. மறுபடியும் போட்டாள். அப்போதும் வரவில்லை. மத்தியானத்துக்குள் லூர்து போய்விட்டாள். அவள் புருஷன் சவரிமுத்து அந்தக் கதவுக்கு வெளியே, நாற்காலியில், கையில் போனோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் என் பெட்டியிலதானே மறைச்சேன்?"

"பேர் எழுதலையே சார். பக்கம் பூரா மறைஞ்சிருச்சு."

கொஞ்சம் கழித்து, "நானும் ஒரு தடவை பார்த்திருக்கணும்" என்றாள்.

அவள் குரலில் கோபமே இல்லை. குலசேகரனுக்கு அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேறியிருப்பார்.

சவரிமுத்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்திருந்தார். மனைவியின் சாமான்களை வாங்க வந்தவர், வாங்கிய பிறகும் போகாமல் இருந்தார். மடியில் ஒரு கூடை. அதில் ஒரு போர்வை, ஒரு சீப்பு, ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"அவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது மேடம்?" என்று கேட்டார் குலசேகரன்.

"முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க" என்றாள் நஸ்ரின். அவள் தூணருகே நின்றுகொண்டாள்.

அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் பேர் குலசேகரன். நீங்க போன்ல பார்த்தீங்களே, அந்தப் பக்கத்தை அழகு பண்ணவன் நான்தான். உங்களை உள்ள கூப்பிட்ட வரி என்னாலதான் மறைஞ்சுபோச்சு."

சவரிமுத்து கூடையிலிருந்த டம்ளரை எடுத்து, விளிம்பில் வெட்டியிருந்த பெயரைக் கட்டைவிரலால் தடவினார். லூர்து என்று இருந்தது.

"திறந்து திறந்து பார்த்துக்கிட்டேதான் சார் இருந்தேன்" என்றார். "அவ்வளவு சுத்தமா, அழகா இருந்துச்சு. அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு நினைச்சு நிம்மதியா உட்கார்ந்திருந்தேன்."