அசையாத தகடு

"நாலாவது தடவையும் வெல்டு விட்டுடுச்சும்மா," அப்படின்னாரு தவசிமணி.

ஜெபக்கனி டீயை ஊதி ஊதிக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பாக்கல.

தவசிமணிக்கு வயசு அம்பத்திநாலு. முப்பது வருசமா இரும்புல வெல்டிங். ஜெபக்கனிக்கு முப்பத்திமூணு. அலுமினியம் அவங்க பேச்சைக் கேக்குற அளவுக்கு அந்த சைட்ல வேற யார் பேச்சையும் கேக்காது. அதனால அவங்க குரு, இவரு சீடன்.

கூட வேலை பாக்குறவங்க அவங்களை டீச்சர்னு கூப்பிடுவாங்க. இவரை இட்லித்தட்டுன்னு.

அதுக்குக் காரணம் உண்டு. இரும்பு உருகுறதுக்கு முன்னால செவக்கும். அலுமினியம் செவக்காது. சொல்லாம கொள்ளாம ஓட்டையாயிரும். முதல் வாரம் பூரா இவரு, செவக்கட்டும் செவக்கட்டும்னு காத்துக்கிட்டு இருந்து, தகடு பூரா ஓட்டை போட்டாரு.

அது பழகிருச்சு. இப்ப தொல்லை வேற.

கட்டுறது ஒரு பெரிய அரங்கம். பிளான்ல அது சங்கு. ரோட்டுலருந்து பாத்தா ஆமை. முகட்டுலருந்து கீழ் விளிம்பு வரைக்கும் அம்பது மீட்டருக்குக் கூரையில ஒரே அலுமினியத் தகடு, அப்படிப் பக்கத்துல பக்கத்துல நிறைய. ஒவ்வொண்ணையும் முகட்டுல வெல்டு வச்சுப் பூட்டணும். மேக்குச் சரிவுல பாதி ஜெபக்கனி போட்டது, பாதி தவசிமணி போட்டது.

அவங்க வெல்டு நிக்குது. இவரு வெல்டு விரிசல் விடுது.

ஒவ்வொரு தடவையும் இன்னும் தடியா வச்சாரு. நாலாவது, கம்பளிப்பூச்சி கணக்கா படுத்துக் கெடந்துச்சு. விடிஞ்சு போய்ப் பாத்தா, கம்பளிப்பூச்சி நடுவுல பொளந்திருக்கு.

மறுநாள் கூரை மேல தண்ணி அடிச்சுப் பாப்பாங்க. ஒழுகுனா, இவர்கிட்ட வெல்டிங் டார்ச்சை வாங்கிட்டு, அடுத்தவன் வெல்டைத் தேய்க்கிற கிரைண்டரைக் குடுக்கப்போறதா சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. இந்த வயசுல கிரைண்டரைக் கையில வாங்குனா, அப்புறம் எவனும் டார்ச்சைத் திருப்பித் தர மாட்டான்.

"என் கையில என்னம்மா குத்தம்?"

"வெல்டு நல்லாத்தான் இருக்குண்ணே."

திட்டியிருந்தாக்கூடத் தேவலையா இருந்திருக்கும்.

சேஃப்டி பெல்ட்டைப் போட்டுக்கிட்டுக் கூரை மேல வரச் சொன்னாங்க ஜெபக்கனி. ஏறுனாங்க. ரெண்டு நாளா ரெண்டு பேரும் சரியாத் தூங்கல.

காலை எட்டு மணி. மேக்குச் சரிவு இன்னும் நிழல்ல இருந்துச்சு. கீழ் விளிம்புக்கு அஞ்சடி மேல நின்னாங்க. அவங்க தகடு, இவரு தகடு எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி ஒரே நேரா முடிஞ்சிருந்துச்சு.

இவரு தகட்டுல மட்டும் விளிம்புல ரெண்டு ரெண்டு போல்ட்டு.

ஜெபக்கனி குனிஞ்சு ஒரு போல்ட்டு மேல கட்டைவிரலை வச்சுப் பாத்தாங்க.

கையால தள்ளுனா தகடு அசைஞ்சுச்சும்மா, அதான் கீழயும் முறுக்கி விட்டேன்னு தவசிமணி சொன்னாரு. முப்பது வருசத்துல தான் பூட்டுனது எதுவும் அசைஞ்சதில்லைன்னு சேத்துக்கிட்டாரு.

அவங்க நிமிர்ந்தாங்க. இவரு பெல்ட்டுல இருந்த ரெண்டு கொக்கியையும் எடுத்தாங்க. ஒண்ணை, ஆள் விழாம இருக்கக் கட்டியிருந்த மேல் கயித்துல மாட்டுனாங்க. இன்னொண்ணைக் கீழ் கயித்துல மாட்டுனாங்க. ரெண்டையும் வெறப்பா இழுத்துக் கட்டுனாங்க.

தனக்கு ஒரே ஒரு கொக்கி மாட்டிக்கிட்டு உக்காந்தாங்க.

என்னம்மா இதுன்னு கேட்டாரு. இருங்கண்ணேன்னாங்க.

வெயில் முகட்டைத் தாண்டி எறங்குச்சு. நிழல் நகர நகர ஜெபக்கனியும் நகர்ந்து உக்காந்தாங்க. நடுவுல கொஞ்சம் கண்ணசந்தாங்க. தவசிமணி நின்ன எடத்துலயே நின்னாரு.

இட்லி வெந்துருச்சான்னு கீழேருந்து ஒருத்தன் கேட்டான்.

மணி பதினொண்ணு. தகட்டுச் சூடு பூட்ஸைத் தாண்டி உள்ள வந்துச்சு.

"கால் சுடுதும்மா."

"தள்ளி நில்லுங்கண்ணே."

"எங்க தள்ளுறது? மேலயும் கட்டி, கீழயும் கட்டி வச்சிருக்கீங்களே."



அசதியில தவசிமணிக்குத் தலை தானா தொங்குச்சு. விளிம்பு கண்ணுல பட்டுச்சு.

ஜெபக்கனி போட்ட தகடு எல்லாம் வெயில்ல நீண்டு, ரெண்டு விரக்கடை கீழ எறங்கி வந்திருந்துச்சு. இவரு தகடு காலைல இருந்த எடத்துலயே நின்னுச்சு. மேல, முகட்டுப் பக்கம், என்னமோ முனகுச்சு.

விளிம்புல தான் முறுக்குன போல்ட்டுகளை ஒவ்வொண்ணாப் பாத்தாரு.

ஜெபக்கனி எந்திரிச்சு வந்து இவரு கொக்கி மேல கை வச்சாங்க.

"கழட்டட்டுமாண்ணே?"

"நான் இப்படியே இருக்கேம்மா," அப்படின்னாரு தவசிமணி. "மொதல்ல அதுகளைக் கழட்டி விடுங்க."