கீழத்தெருவின் அறுபதடிக் கோபுரம்

கீழத்தெரு மக்கள் கேட்டது ஒரு கிணறு. அரசர் கொடுத்தது ஒரு குழு.

வெள்ளாம்பூர் அரசர் மணிமுடிவர்மருக்குக் குழு போடுவதென்றால் அவ்வளவு ஆசை. கீழத்தெருவிலிருந்து செங்காயி என்கிற பெண் சபைக்கு வந்து, "ஒரு குடம் தண்ணிக்கு ஆத்துக்கும் வீட்டுக்கும் அரைநாள் நடக்கிறோம் சாமி" என்று அழுதாள். அரசர் உருகிவிட்டார். "கீழத்தெருவுக்குப் பொதுவசதி செய்ய ஒரு குழு! சம்பளம் கிடையாது. தாமாக முன்வருகிறவர்கள் வரலாம்!" என்றார்.

சோதிடர் ஏகாம்பரம் வந்தார். கவிராயர் திருமேனி வந்தார். மல்யுத்த ஆசான் மல்லப்பன் வந்தார். இவர்கள் கையில் விட்டால் செங்காயி கிழவியானாலும் தண்ணீர் வராது என்று பயந்து, ஓலை எழுதும் தாண்டவரும் எழுந்து வந்தார்.

முதல் கூட்டத்திலேயே தாண்டவர் சொன்னார்: "கிணறு வெட்டுவோம்."

மற்ற மூவரும் சிரித்தார்கள். "கிணறு எல்லா ஊரிலும்தான் இருக்கிறது. நம் பெயர் நிற்க வேண்டாமா?"

ஆழக் குழிக்குள் நின்று பார்த்தாலே பகலிலும் நட்சத்திரம் தெரியும், உயரத்தில் நின்றால் கேட்கவா வேண்டும், அதனால் அறுபதடிக் கோபுரம் வேண்டும் என்றார் சோதிடர். பாடினால் குரல் மூன்றுமுறை ஒலிக்கும் மண்டபம் வேண்டும் என்றார் கவிராயர். ஜனங்களுக்குத் தோள் திரள ஒரு பயிற்சிக்கூடம் வேண்டும் என்றார் மல்லப்பன். மூன்று பேரும் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். கிணறு என்ற சொல்லை இனிக் குழுவில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதை ஓலையில் எழுதியவரும் தாண்டவர்தான்.

எட்டு மாதம் கூடிக் கூடிச் சண்டை போட்டார்கள். கடைசியில் அரசருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நிலம் பத்தடிக்குப் பத்தடிதான். அதில் ஒரே கட்டடம். மூன்று பேர் கேட்டதும் அதற்குள் இருக்க வேண்டும். நாற்பது நாள் தவணை. ஒருவர் முகம் சுளித்தாலும் நான்கு பேரும் நாட்டைவிட்டு நடையைக் கட்டுங்கள்! யார் பொறுப்பு?"

மூன்று கைகள் ஒரே நேரத்தில் தாண்டவரைக் காட்டின.

தாண்டவர் நேரே செங்காயியிடம் போனார். "அம்மா, தெருவில் எத்தனை கடப்பாரை, மண்வெட்டி இருக்கிறதோ எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லுங்கள். என்ன வேலை என்று யார் கேட்டாலும், கோபுரம் கட்டுகிறோம் என்று சொல்லுங்கள்."

"கோபுரத்துக்கு எதுக்கு ஐயா மண்வெட்டி?"

"தோண்டத் தோண்ட உங்களுக்கே தெரியும்."

சுற்றிலும் தட்டி கட்டி மறைத்து, தெருவே இறங்கி உழைத்தது. நாற்பதாம் நாள் அரசர் வந்தார். தட்டியை அவிழ்த்தார்கள். உள்ளே, கைப்பிடிச் சுவருக்கு நடுவே ஒரு பெரிய பள்ளம்.

"எங்கே என் கோபுரம்?" என்று கத்தினார் சோதிடர்.

"இதோ. அறுபதடி, கயிறு போட்டு அளந்துகொள்ளுங்கள். மேலே போக வேண்டுமா கீழே போக வேண்டுமா என்று நீங்கள் சொல்லவில்லை."

"நட்சத்திரம்?"

"ஆழத்தில் நின்று பார்த்தால் பகலிலும் தெரியும் என்று குழுவில் சொன்னவர் நீங்கள்தானே?"

சொன்ன சொல்லை மாற்ற முடியாமல் சோதிடர் கூடையில் உட்கார்ந்தார். கயிற்றை ராட்டினத்தில் போட்டு மல்லப்பன் இறக்கினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். பாதி இழுப்பதற்குள் வியர்த்து ஊற்றியது. தோள் இரண்டும் புடைத்தன. "அடடா! இருபது வருஷத்தில் இப்படி ஒரு பயிற்சி செய்ததில்லை!" என்று பூரித்தார்.

"இரண்டு நட்சத்திரம் கண்டேன்!" என்று கூவிக்கொண்டே மேலே வந்தார் சோதிடர். "வரும் வழியில் சுவரில் தலை இடித்தது. அப்போது இன்னும் மூன்று!"

கவிராயர் எட்டிப் பார்த்துத் தன் பாட்டில் ஓரடியைப் பாடினார். அது மூன்றுமுறை திரும்பி வந்தது. கவிராயர் கண் கலங்கிவிட்டார். "இந்த நாட்டில் இதுவரை ஒருவர்கூட என் பாட்டைத் திருப்பிச் சொன்னதில்லை அரசே!"

மூவர் முகத்திலும் சிரிப்பு. அரசருக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. கூடையிலிருந்து இறங்கிய சோதிடரை மேலும் கீழும் பார்த்தார்.

"தாண்டவரே, இவர் வேட்டி ஏன் முழங்கால் வரை நனைந்து சொட்டுகிறது?"

தாண்டவர் கைகூப்பித் தலைகுனிந்தார்.

"மன்னிக்க வேண்டும் அரசே. கட்டட வேலையில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. அடியில் தண்ணீர் ஊறுகிறது; எவ்வளவு அடைத்தும் நிற்கவில்லை. ஆனால் கவலை வேண்டாம். தினமும் குடம் குடமாக இறைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறோம் என்று கீழத்தெருப் பெண்கள் தாமாக முன்வந்திருக்கிறார்கள்."