பொரட்டிப் போட்ட பல்சக்கரம்

ஒரு ஊர்ல ஒரு குருவம்மா இருந்தா. கைக்கொழந்தக்காரி. ஆனா உசுரெல்லாம் பழைய சைக்கிள் மேலதான். காயலாங்கடையில கெடந்த ஒரு கெழட்டு சைக்கிளக் கொண்டாந்து, துருவச் சொரண்டி, எண்ணெ விட்டு, மினுமினுன்னு ஆக்கிட்டா. அவளுக்கு ஒரு பிடிவாதம். புதுசா ஒரு திருகாணி கூடப் போடமாட்டா, எல்லாம் பழைய சாமானாவே இருக்கணும். 'ம்' கொட்டுடி மயிலு, அத்தை என்ன சுவத்துக்கிட்டயா பேசறேன்?

அப்புறம் ஏறி மிதிச்சா, கடக் கடக்னு செயின் வழுக்குது. பெடல் பக்கத்துல பெரிய பல்சக்கரம் இருக்கும்ல, அதுல பல்லெல்லாம் ஒரு பக்கமாத் தேஞ்சு, கொக்கி மாதிரி வளஞ்சு போச்சு. அவ புருஷன் பொன்னுலிங்கம், "வேற சக்கரம் வாங்கி மாத்தேன்"னான். "புதுசு என் சைக்கிள்ல ஏறாது"ன்னா இவ. மூணு போல்ட்டக் கழட்டி, அதே சக்கரத்தப் பொரட்டி மாட்டிட்டா. தேயாத பக்கம் செயினக் கவ்விக்கிச்சு. ஆனா பல்லெல்லாம் இப்ப பின்னாடி பாத்துக்கிட்டு இருந்துச்சு.

உச்சி வெயில். தெருவுல ஒரு காக்கா இல்ல. கொளத்தச் சுத்தி ஒரு ரவுண்டு, சர்ர்ர். வீட்டுக்கு வந்தா, நேத்து வாங்குன பிளாஸ்டிக் கொடத்தக் காணோம். போனாப் போகுதுன்னு விட்டுட்டா. அப்புறம் இன்னொரு ரவுண்டு, சர்ர்ர். வந்தா, தொழுவத்துல போன வாரம் பொறந்த கன்னுக்குட்டி இல்ல. பசு மட்டும் இன்னும் கன்னே போடாத மாதிரி நெற வயித்தோட நின்னு இவளையே பாக்குது. நானா இருந்தா அங்கயே சைக்கிளப் போட்டுட்டு ஓடியிருப்பேன். அந்த மகராசி அப்பவும் எறங்கல. மூணாவது ரவுண்டு போனா.

வந்தா, கொழந்த தூங்கிக்கிட்டிருந்த தூளியக் காணோம். அந்த வீட்லயே புதுசு எதுடி? அந்தப் பாப்பாதான.

"பாப்பா எங்கங்க?"

"எந்தப் பாப்பா?"ன்னான் பொன்னுலிங்கம். அவன் பொய் சொல்லல, பாவம். நெசமாவே தெரியல. சரி, பேரச் சொல்லிக் கூப்பிடலாம்னு இவ வாயத் தொறந்தா, பேரு வரல. பால் சொரந்து ரவிக்க நனையுது. யாருக்குச் சொரக்குதுங்கறதும் மறந்துக்கிட்டே வருது.

பொரட்டிப் போட்ட சக்கரம்தான் புதுசா வந்ததையெல்லாம் பின்னாடி இழுக்குதுன்னு அப்பத்தான் அவளுக்குப் பொறி தட்டுச்சு. சைக்கிள உருட்டிக்கிட்டே சைக்கிள் கடைக்கு ஓடுனா. "அண்ணே, புதுச் சக்கரம் ஒண்ணு குடுங்க!" டொக் டொக்குனு பழசத் தட்டிக் கழட்டி, புதுசப் பூட்டுனா. அதுக்குள்ள எதுக்குப் பூட்டறோம்னே அவளுக்கு மறந்து போச்சு. கண்ணு பாட்டுக்கு அழுவுது, கை பாட்டுக்குப் பூட்டுது. அப்புறம் ஏறி மிதிச்சா, கொளத்தச் சுத்தி மூணு ரவுண்டு, மூச்சு விடாம.

வாசலுக்கு வரும்போதே, "ங்கா... ங்கா..."

ஓடிப்போய் அள்ளிக்கிட்டா. கொழந்த வந்துருச்சு, கன்னு வந்துருச்சு, கொடங்கூட வந்துருச்சு. பேரு மட்டும் வரல. பொன்னுலிங்கத்துக்கும் தெரியல, பேரு வெச்ச தாய்மாமனுக்கும் தெரியல. வேற பேரு வெச்சாங்க. பாப்பாவும் வளந்து பெரிய பொண்ணாச்சு.

ஆனா உச்சி வெயில்ல, ஆளே இல்லாத எடத்துல இருந்து யாரோ ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம். மத்தவங்களுக்கு அது வெறும் காத்துச் சத்தம். அந்தப் பொண்ணு மட்டும், "இந்தா வரேன்"னு எந்திரிக்கும். குருவம்மா ஓடிப்போய் அவ கையப் பிடிச்சுக்குவா. இன்னிக்கும் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.

கதை போய்ப் படுத்துக்கிச்சு, நீயும் கண்ண மூடு.